கௌரி தெரிந்தெடுத்த சூடு

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கடை வைத்திருக்கும் ஒருவருக்குத் தன் வீட்டு விஷயம் என்று தனியாக எதுவும் இருக்க முடியாது. வாமதேவனின் வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த பழைய எண்ணெய்க் கொதிகலன் மார்ச் மாதக் கடைசியில் நின்றுபோனது. மறுநாள் மத்தியானத்துக்குள் முருங்கைக்காய் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அது தெரிந்திருந்தது. ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

“காஸைப் போடுங்கோ அண்ணை. பேசாமல் இருக்கலாம்.”

“காஸைப் போட்டால் கொஞ்சக் காலத்திலை அதையும் கழட்டச் சொல்லுவாங்கள். கரண்டுதான் நல்லது.”

“எங்கட மச்சான் வெளியிலை, காத்திலையிருந்து சூடு எடுக்கிற காத்துப்பெட்டி ஒண்டு பூட்டினவர். அது உறுமுற உறுமலுக்குப் பக்கத்து வீட்டுக்காரி பொலிசுக்குப் போன் அடிச்சுப்போட்டாள். இப்ப பெட்டிக்கு ஓய்வு, மச்சானுக்குப் போர்வை.”

வாமதேவன் சிரித்தபடி வெங்காயத்தை நிறுத்துக் கொடுத்தார். உள்ளுக்குள் சிரிப்பு இல்லை. நகருக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் இருந்த அவருடைய வீட்டில், மனைவி கௌரி இரண்டு கம்பளிச் சட்டைக்கு மேலே கோட்டும் போட்டுக்கொண்டு, சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வந்தது. வைத்தியர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துக்கு மேலான ஒன்றையும் சொல்லியிருந்தார்: வீடு எப்போதும் ஒரே சீராக இருக்க வேண்டும், ஈரக்குளிர் ஆகாது, கோடை வெக்கையும் ஆகாது. இந்தக் குளிர்காலத்தை எப்படியோ கடத்தியாயிற்று. அடுத்த குளிருக்குள் வீட்டைச் சரிசெய்ய வேண்டும். அந்த வருடத்தில் வாமதேவனுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

அவர் பாரிசுக்கு வந்தது தொண்ணூற்றொன்றில். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வரை படித்தவர், ஆங்கிலத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்தவர், இங்கே வந்து கோப்பை கழுவினார். முறை வைத்துப் படுக்கும் அறை ஒன்றில் இருந்தார். பிறகு மரக்கறிக் கடை ஒன்றில் பெட்டி தூக்கினார். பிறகு அதே தெருவில் சொந்தமாகச் சின்னக் கடை. கௌரி வந்து சேர்ந்ததும் புறநகரான ஸ்தேனில் அடுக்குமாடி வீடு ஒன்று கிடைத்தது. மகள் சாம்பவி பிறந்தது அங்கேதான். கௌரி விடியற்காலையில் பக்கத்து ஊரான சென் தெனிக்குப் போய் அலுவலகங்களைத் துப்புரவு செய்துவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போகும் நேரத்துக்குத் திரும்பி வருவாள்.

ஸ்தேன் வீட்டில் ஒரு குறைவும் இல்லாதது சூடு ஒன்றுதான். வெளியே உறைந்து கிடக்கும். கௌரி உள்ளே மெல்லிய சட்டையோடு திரிவாள். சில நாட்களில் ஜன்னலைத் திறந்துவிட வேண்டியிருக்கும். அந்தச் சூடு எங்கேயிருந்து வருகிறது என்று அவள் ஒருநாள் கட்டடக் காவலாளியிடம் கேட்டிருக்கிறாள். நிலத்துக்கு மிக ஆழத்தில் சுடுதண்ணீர் இருக்கிறதாம், அதை மேலே எடுத்துத்தான் இந்தக் கட்டடங்களுக்கெல்லாம் சூடு அனுப்புகிறார்களாம். சாப்பாட்டு மேசையில் அவள் அதை ஒரு புதினமாகச் சொன்னபோது வாமதேவன் கடைக் கணக்கு யோசனையில் ‘ஓம் ஓம்’ என்று தலையாட்டினார்.

ஆனால் சொந்த வீடு என்று ஒன்று வேண்டாமா? கனடாவில் தம்பி வாங்கிவிட்டான், லண்டனில் மச்சாள் வாங்கிவிட்டாள். ஓல்னேயில் வாசலில் ஒரு துண்டுத் தோட்டம், பின்னால் ஒரு துண்டுத் தோட்டம் என்று ஒரு பவியோன், தனிவீடு, விலைக்கு வந்தது. வாமதேவன் தனியாகப் போய்ப் பார்த்தார், தனியாக முடிவெடுத்தார், கையெழுத்து வைக்கிற கட்டத்தில்தான் கௌரியைக் கூட்டிக்கொண்டு போனார்.

“நல்லாயிருக்கு,” என்றாள் கௌரி. பிறகு சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். “கொஞ்சம் குளிருது என்னப்பா?”

“சோபாஜைப் போட்டு வீட்டைச் சூடாக்கினால் சரியாயிடும்.”

புதுவீட்டுக் குடிபூரலுக்கு வந்த தவரத்தினம்தான் மாடிப்படியைப் பார்த்து நாக்கைக் கடித்தவர். தவரத்தினம் லா சப்பல் உணவகம் ஒன்றில் தலைமைச் சமையல்காரர். மனையடி சாத்திரம் பார்ப்பதிலும் கைதேர்ந்தவர். “படி விழுந்த இடம் பிழை, வாமன். சரி, வாங்கினது வாங்கியாச்சு,” என்றார். அன்றைக்கு வாமதேவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்துக் கௌரி இரும ஆரம்பித்தபோது அந்தச் சொல் எங்கிருந்தோ வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அவருக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவருக்கும் பயம் வரும்.

மே மாதத்தில் ஷார்லோத் வந்தாள். நிலத்தடிச் சூட்டை வீட்டுக்குக் கொண்டுவரும் நிறுவனம் ஒன்றின் பொறியாளர். சப்பாத்தில் சேறு காய்ந்திருந்தது. வாமதேவன் அவளை வரச் சொன்னது கௌரியின் சொல்லுக்காகத்தான். காஸ்காரன், காற்றுப்பெட்டிக்காரன் எல்லோரும் வந்துபோன பிறகு, “ஸ்தேனிலை இருந்த மாதிரி நிலத்துக்குள்ளையிருந்து எடுக்கேலாதோ?” என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

ஷார்லோத் பொறுமையாக விளக்கினாள். ஸ்தேனில் போல அவ்வளவு ஆழம் போகத் தேவையில்லை. கொதிக்கும் தண்ணீரும் வராது. முற்றத்தில் நூறு மீற்றர் ஆழத்துக்குக் கையகலத் துளை ஒன்று போடுவார்கள். அதற்குள் குழாய் இறங்கி, அடியில் திரும்பி, மேலே வரும். குழாய்க்குள் இருக்கும் தண்ணீர் வெளியே ஒரு சொட்டும் வராது. போய்ப் போய் வரும். அந்த ஆழத்தில் மண் மாரியும் கோடையும் ஒரே சூட்டில்தான் இருக்கிறது. அதை எடுத்து ஒரு பெட்டி கூட்டிக் கொடுக்கும். தரைக்கு அடியில் பதிக்கும் குழாய்கள் வீடு முழுக்கப் பரப்பும். கோடையில் மறுவளமாக, வீட்டு வெக்கையைக் கீழே அனுப்பிவிடலாம். சத்தம் இல்லை. காய்ந்த காற்று மூஞ்சியில் அடிக்காது.

கௌரி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தமிழில் கணவனிடம் சொன்னாள்: “அப்ப கோடையிலை போட்டு வைச்சு மாரியிலை எடுக்கிறது. ஊறுகாய் மாதிரி.”

வாமதேவன் அதைப் பிரெஞ்சில் மாற்றிச் சொல்ல, ஷார்லோத் வாய்விட்டுச் சிரித்தாள். இனிமேல் எல்லோருக்கும் இப்படித்தான் விளக்கப்போகிறேன் என்றாள்.

“இதுதான் எனக்கு வேணும்,” என்றாள் கௌரி.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலான குடித்தனத்தில் அவள் இதுதான் வேண்டும் என்று எதையும் விரல் நீட்டிக் காட்டியதாக வாமதேவனுக்கு நினைவில்லை. சரி என்றார். அந்தப் பகுதியில் நிலத்துக்குள் கரையக்கூடிய கல் இருப்பதால், துளை போடும் இடத்தை நிபுணர் ஒருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருந்தது. அவரும் வந்து பார்த்துச் சரி என்றார். வாசல் கேற்றுக்கு உள்ளே, இடப்பக்கத்தில், ஷார்லோத் மண்ணில் சிவப்புக் குச்சி ஒன்றை ஊன்றினாள். துளை போடும் இயந்திரம் வந்து நிற்க வசதியான இடம் அது ஒன்றுதான். ஜூனில் வேலை.

பிழை கடையில்தான் நடந்தது. தவரத்தினம் வாழைப்பூ வாங்க வந்திருந்தார்.

“என்ன வாமன், வீட்டிலை என்னவோ பெரிய வேலையாம்?”

“ஓம் அண்ணை. நூறு மீற்றருக்கு ஒரு கிணறு அடிக்கப் போறம்.”

துளை என்றால் தவரத்தினத்துக்கு விளங்காது என்றுதான் கிணறு என்றார். யாழ்ப்பாணத்து மனிதனுக்கு நிலத்தில் ஆழமாக ஒன்று இறங்கினால் அது கிணறுதான். கிணறு என்று வந்துவிட்டால் அடுத்த கேள்வியும் வந்துவிடும்.

“எந்த மூலையிலை?”

வாமதேவன் யோசித்தார். வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது. கேற்று மேற்குக் கரையில். மனதுக்குள் திசையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வாழைப்பூவைப் பையில் போட்டார்.

தவரத்தினம் விடவில்லை. தக்காளிப் பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து, காதில் செருகியிருந்த பேனாவால் வீட்டைக் கீறினார். “கேற்று இஞ்சை. அப்ப இது தென்மேற்கு. கன்னிமூலையடாப்பா! கன்னிமூலையிலை ஆரும் பள்ளம் தோண்டுவினமே? அது வீட்டுக்காரிக்கு ஆகாது.” சொன்ன பிறகுதான் கௌரியின் நினைவு வந்திருக்க வேண்டும். குரலை இறக்கினார். “நான் உனக்குப் பயம் காட்டேல்லை, தம்பி. ஈசான மூலைக்கு மாத்து. அவ்வளவுதான். வடகிழக்கிலை கிணறு எண்டால் வீட்டுக்கு லட்சுமி.”

அவர் கெட்ட மனிதர் அல்ல. கௌரி முதன்முறை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாள் தவறாமல் கஞ்சி காய்ச்சி அனுப்பியவர்.

வாமதேவன் அன்று மாலை ரயிலில் போகும்போது தனக்குத் தானே வழக்காடிக்கொண்டார். இது கிணறு அல்ல. தண்ணீர் அள்ளுவதில்லை. பள்ளமும் இல்லை, மூடிவிடுவார்கள். ஒருவேளை கன்னிமூலையில் போட்டு, பிறகு கௌரிக்கு ஏதாவது வந்துவிட்டால்? அப்போது இந்த நியாயமெல்லாம் யாருக்கு வேண்டும்? மறுநாள் ஷார்லோத்துக்குத் தொலைபேசி எடுத்து, துளையை வீட்டின் பின்பக்கம் வடகிழக்கில் போட முடியுமா என்று கேட்டார். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. முன்பக்கத்தில் பூக்கன்று வைக்கப் போகிறோம் என்று சொல்லிவைத்தார்.

முடியும், என்றாள் ஷார்லோத். ஆனால் வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே இயந்திரம் நுழையாது. பக்கத்து வீட்டு பெர்னாரின் காணிக்குள்ளால் வர வேண்டும். அவருடைய செடிவேலியில் கொஞ்சம் வெட்ட வேண்டும். நிபுணரும் புது இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பெர்னார் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலியை வெட்ட உடனே சம்மதித்தார். “மதாம் கௌரிக்காக என்றால் முழு வேலியையும் வெட்டலாம். ஆனால் இப்போது முடியாது. உள்ளே கரிச்சான் கூடு கட்டியிருக்கிறது. குஞ்சுகள் பறந்த பிறகு, ஆகஸ்ட் கழியட்டும்.”

வாமதேவன் சரி என்று தலையாட்டினார். மூலைக்குப் பயந்து நிற்கிறவர், கூட்டுக்காக நிற்கிறவரிடம் என்ன சொல்லலாம்?

ஜூனில் இயந்திரம் வரவில்லை. ஜூலையில் வெக்கை வந்தது. சுவர்களெல்லாம் இரவிலும் சுட்டன. கௌரி சமையலறையின் சீமெந்துத் தரையில் ஈரத்துவாயை விரித்து அதன்மேல் படுத்துக் கிடந்தாள். வாமதேவன் கடையை நேரத்தோடு பூட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து விசிறினார். அன்றுதான் அவருடைய வாயிலிருந்து மூலைக் கதை வெளியே வந்தது.

 கௌரி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய நேரமெடுத்தது.

“நான் என்ன, அந்தக் கிணத்திலை தண்ணி அள்ளவே போறன்?”

“அதில்லை, கௌரி…”

“மூலையைப் பாக்கிறியள், மனுசியைப் பாக்கிறியளில்லை. எனக்கு ஈசானமும் வேண்டாம், லட்சுமியும் வேண்டாம். குளிருக்கு முதல் வீடு சூடாக வேணும்.”

“உமக்கு ஒண்டு வந்திடக் கூடாது எண்டுதான் பயம்.”

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அங்கே இருந்த பயத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவள் இறங்கி வந்தாள் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டார். அவள் ஒரு சொல் கூடுதலாகச் சண்டை பிடித்திருக்கலாம்.

“சரி. உங்கட மனம் ஆறட்டும். பெர்னாரின்ரை குஞ்சுகளும் பறக்கட்டும். எல்லாரையும் பாத்து முடிச்சிட்டு ஆறுதலாய் என்னட்டை வாங்கோ,” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

குஞ்சுகள் பறந்தன. செப்டெம்பரில் வாமதேவன் கூப்பிட்டபோது ஷார்லோத்தின் குரலில் தயக்கம் இருந்தது. கோடை வெக்கைக்குப் பிறகு எல்லோரும் இதையே கேட்கிறார்கள். இயந்திரம் நவம்பர் கடைசிவரை வேறு இடங்களில். முன்னால் யாராவது விலகினால் உடனே சொல்கிறேன் என்றாள். வாமதேவன் மின்சார அடுப்புகள் வாங்கி அறைக்கு ஒன்று வைத்தார். அவை காற்றைக் காயவைத்தன. கௌரிக்கு அதனால் இருமல் கூடியது. அடுப்பை நிறுத்தினால் குளிர், போட்டால் இருமல். நடுவில் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அவர் எழும்பி எழும்பிப் பொத்தானைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

சென் தெனியில் தனியாக இருந்த சாம்பவி அம்மாவைத் தன்னிடம் கூட்டிப்போகிறேன் என்றாள். “இரண்டு மாதம்தானே, இஞ்சையே இருக்கிறன். இந்த மனுசன் தனிய இருந்தால் சோறும் தின்னாது,” என்று கௌரி மறுத்துவிட்டாள்.

அக்டோபரில் மழை விடாமல் பெய்தது. சளி பிடித்தது. சளி நெஞ்சுக்குள் இறங்கியது. ஆஸ்பத்திரியில் முதல் இரண்டு நாளும் கதைத்தாள். அறை நல்ல சூடாக இருக்கிறது என்று தாதியைப் பாராட்டினாள். பிறகு கதைக்கவில்லை. நவம்பர் பிறந்த முதல் வாரத்தில் போய்விட்டாள்.

வாமதேவன் வைத்தியரை நடைவழியில் மறித்துக் கேட்டார். வீடு சூடாக இருந்திருந்தால்? வைத்தியர் தலையசைத்தார். அப்படிச் சொல்ல முடியாது. நோய் வந்த வழி அதுவல்லாமலும் இருக்கலாம். இதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாமதேவன் அதே கேள்வியைச் சொற்களை மாற்றி மறுபடி கேட்டார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்செல்லாம் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே வந்தது. வைத்தியர் அவருடைய தோளில் கை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

செத்தவீட்டுச் சனமெல்லாம் போன பிறகு சாம்பவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் தகப்பனோடு பிரெஞ்சில்தான் கதைப்பாள். அன்று திரும்பாமலே தமிழில் கேட்டாள்.

“அப்பா, கன்னிமூலை எண்டால் என்ன?”

அவர் மேசையில் கிடந்த கோப்பை ஒன்றை அவளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

“தவம் மாமா அழுது அழுது சொன்னவர். அதாலைதான் பிந்தினதாமே? ஜூனிலை செய்திருக்கலாமாமே?”

“ஓம்.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கத்தியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குழாயை மூடிவிட்டு, ஒவ்வொரு கோப்பையாகத் துடைத்து அடுக்கிவிட்டு, பிரெஞ்சுக்குத் திரும்பினாள்: இந்த வேலையை நிறுத்தச் சொல்லுங்கள், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்திருங்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. தவரத்தினம் கடைக்கு வந்தார், ஒன்றும் வாங்கவில்லை. பெட்டிகளுக்கு நடுவே நின்றார். ஆள் மெலிந்திருந்தார்.

“வாமன், அந்த வேலையை என்ன செய்யப் போறாய்? ஒரு வருசம் கழிஞ்சு ஆட்டைத் திவசம் முடியுமட்டும் வீட்டிலை மண்ணிலை கை வைக்கக் கூடாது.”

“அண்ணை,” என்றார் வாமதேவன், மெதுவாக, கோபமில்லாமல். “இனி எந்த மூலை ஆருக்கு ஆகாது?”

 தவரத்தினம் கீரைக்கட்டு ஒன்றைத் தூக்கி, தூக்கிய இடத்திலேயே வைத்தார். வாமதேவன் உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து அவருடைய கையில் கொடுத்தார். இருவரும் நின்றபடியே குடித்தார்கள்.

ஷார்லோத் கூப்பிட்டு, துக்கம் சொல்லி, நீங்கள் விரும்பினால் ஒப்பந்தத்தை நிறுத்திவிடலாம் என்றாள். வாமதேவன் வேண்டாம் என்றார். முன்பக்கத்தில், முதலில் குச்சி ஊன்றிய இடத்திலேயே போடுங்கள் என்றார். பூக்கன்றைப் பற்றி அவள் கேட்கவில்லை. பெர்னாரிடம் போய் வேலியை வெட்டத் தேவையில்லை என்று சொன்னபோது அந்த மனிதரின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அது வந்ததற்காக வெட்கப்பட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாம்பவிக்குத்தான் விளங்கவில்லை. “யாருக்காக அப்பா?” என்று தொலைபேசியில் கேட்டாள். “நீங்கள் ஒருத்தர். உங்களுக்கு ஒரு அடுப்புப் போதாதா?”

“இந்த வீட்டை நான் தெரிஞ்செடுத்தனான், பிள்ளை. அவவைக் கேக்கேல்லை. இதிலை அவ தெரிஞ்செடுத்தது இது ஒண்டுதான்.”

 “எப்ப வாறாங்கள்?” என்றாள் சாம்பவி.

ஜனவரியில் வந்தார்கள். மண் மேலே பளிங்குபோல் உறைந்திருந்த காலை. இயந்திரம் கேற்றைத் தாண்டி வந்து நின்று, கம்பியை நட்டுச் சுழற்றத் தொடங்கியது. சாம்பவி வேலைக்குப் போகாமல் வந்து, தாயின் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றாள். முதலில் கறுப்பு மண் வந்தது. பிறகு மஞ்சள். மத்தியானம் கழியக் கழியச் சாம்பல் நிறச் சேறு துளையிலிருந்து வழிந்து தகரத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அந்தக் குளிரில் சேற்றின்மேல் மெல்லிய ஆவி எழும்பியது.

“அது சுடுகிறதா?” என்று வாமதேவன் ஷார்லோத்திடம் கேட்டார்.

“இல்லை. மேலே இவ்வளவு குளிர் என்பதால் அப்படித் தெரிகிறது. கீழே எப்போதும் இப்படித்தான்.”

அவர் கையுறையைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டியின் ஓரத்தில் குந்தினார். இயந்திரக்காரன் ஏதோ சொல்ல வந்தான். ஷார்லோத் வேண்டாம் என்று கை காட்டினாள். வாமதேவன் மணிக்கட்டு வரை சேற்றுக்குள் விட்டார். சூடு என்று சொல்ல முடியாது. குளிரவில்லை, அவ்வளவுதான். ஜூனிலும் இது இப்படியே இருந்திருக்கும்.

கையை வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு விரல்கள் விறைத்தன. திரும்பவும் உள்ளே வைத்தார்.